பிளக் பாயும் என் மேப் சர்வரும்

கரண்டைக் கண்டுபிடித்தவர் யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். அதைப் பிடுங்குவதில் பிளக் பாயை மிஞ்ச இந்தியாவிலேயே ஆள் கிடையாது. பூந்தமல்லி கடைத்தெருவிலிருந்து ஆவடி வரைக்கும் அவர் கைபட்டு அணையாத டி.வி., ஃபிரிட்ஜ், மிக்ஸி எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இந்த வரிசையில் லிஃப்ட்டையும் சேர்க்கலாம். அந்தச் சமயத்தில் லிஃப்ட்டுக்குள் இருந்தவன் நான் என்பதால் அதை இங்கே விவரிக்கப் போவதில்லை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு. சம்பள ரசீதில் மட்டும் அது எட்டிப் பார்க்கும். மற்றபடி எங்கள் ஆபீஸ் வாட்ச்மேனிலிருந்து முதலாளி வரை எல்லோருக்கும் அவர் பிளக் பாய்தான். எந்தப் பொருளாக இருந்தாலும் அவரிடம் ஒரே ஒரு பரீட்சைதான். அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போவார். "பிஸ்மில்லா" என்று மெல்லச் சொல்லி பிளக்கைப் பிடுங்குவார். கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். மறுபடி சொருகுவார். யாரும் தொடாமல் அது தானாக எழுந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கிவிட்டால் பாஸ். இல்லாவிட்டால், "இது வேலைக்காவாது மாமே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

"ஓடற மெஷினப் பாத்து மயங்கிடாத மச்சான். நல்லா கீற வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் கீது. வியுந்தா எயுந்துக்குதான்னு பாரு" என்பார் என்னிடம்.

ஒருமுறை டி.வி. வாங்க என்னையும் பூந்தமல்லிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் படத்தின் துல்லியம் பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருக்க, பாயின் பார்வை முழுக்கச் சுவரிலிருந்த பிளக்கில் இருந்தது. அடுத்த நிமிஷம் டி.வி. அணைந்தது. கடைக்காரர் பதறிவிட்டார்.

"இன்னா பாய் இது! கஸ்டமருங்கோ பாத்துகினு கீறாங்கோ!"

"பாக்கட்டும். அவுங்களும் துட்டு குடுத்துத்தானே வாங்கப் போறாங்கோ?"

வரிசையாக எல்லா டி.வி.யையும் பிடுங்கினார். ஒழுங்காக எழுந்த ஒன்றை வாங்கினார். அவரைப் பார்த்துக் கடையில் நின்றவர்களும் அதையே கேட்டு வாங்கினார்கள். அன்றிலிருந்து பாய் அந்தத் தெருவில் நடந்தால் கடைக்காரர் வெளியே ஓடிவந்து டீ சொல்கிறார். நான் அதே கடையில் மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், மின்விசிறி எல்லாம் வாங்கியிருக்கிறேன். "முன்னாடி வந்திருக்கீங்களா சார்?" என்று இன்றைக்கும் கேட்கிறார்.

இதுதான் எனக்குப் புரியாத விஷயம். ஊரில் ஒருவர் பிளக்கைப் பிடுங்கினால் திட்டத்தானே வேண்டும்? பாயை மட்டும் கொண்டாடினார்கள். டீ மாஸ்டர் அவர் கிளாஸில் மட்டும் டிகாக்‌ஷனைத் தாராளமாக ஊற்றுவார். லாரி டிரைவர் ஏழுமலை ஆபீஸுக்குப் போன் செய்வார். நான் எடுத்து "ஹலோ" என்று சொல்லி முடிப்பதற்குள், "பாய் இல்லியா சார்?" என்பார். "நான் இருக்கேனே, சொல்லுங்க" என்றால், "இல்ல சார், பரவால்ல, அப்புறமா பேசிக்கறேன்" என்று வைத்துவிடுவார். வயிற்றெரிச்சல் என்று தமிழில் ஒரு வார்த்தை இருக்கிறதே, அது வெறும் வார்த்தை இல்லை. நிஜமாகவே எரியும். நான் ஜெலுசில் குடித்துப் பார்த்திருக்கிறேன்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. நான் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஆவடியில் ஃபிளாட் வாங்கிக் குடியேறியவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாயைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். கை கழுவப் போனவர் போகிற வழியில் எங்கள் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார். மறுபடி போட்டதும் அது ஒரு மாதிரி முனகியது. "தங்கச்சி, இதுக்குக் கீழ கீற ஸ்டெபிலைசரு காலி. நாளைக்கே மாத்திடு" என்றார் என் மனைவியிடம். மாற்றினோம். ஃபிரிட்ஜ் முனகலை நிறுத்திவிட்டது. அன்று முதல் அவள் அவருக்குப் பக்தையாகிவிட்டாள். வாஷிங் மெஷின் மக்கர் செய்தால், கேஸ் அடுப்பு சரியாக எரியாவிட்டால், மகனுக்குக் கணக்கு வராவிட்டால்கூட, "பாய் அண்ணன் கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்பாள். எம்.சி.ஏ. படித்த கணவன் ஒருவன் சோபாவில் உட்கார்ந்திருக்கிறான் என்பதே அவள் நினைவில் இல்லை.

இப்போது எங்கள் கம்பெனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் முதலாளிக்கு ஒரு பழைய கட்டடம். பின்பக்கம் லேத் பட்டறை. முன்பக்கம் நாங்கள், கம்ப்யூட்டர்களோடு. தண்ணி லாரிகளுக்கு மேப் தயாரிப்பதுதான் எங்கள் வேலை. வெள்ளானூர் பக்கமெல்லாம் நேற்று வயலாக இருந்த இடம் இன்று ஏதோ ஒரு 'நகர்' ஆகிவிடுகிறது. எல்லோரும் போனில் பார்க்கிற மேப்பில் அந்தத் தெருக்கள் வருவதில்லை. லாரிக்காரர் அதை நம்பிப் போய் ஒரு முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டு, தண்ணீரோடு ரிவர்ஸ் எடுத்துத் திரும்பி வருவார். அதனால் அந்தத் தெருக்களை நாங்களே நடந்து பார்த்து வரைந்தோம். வரைந்த மேப்பை ஒரு கம்ப்யூட்டரில் வைத்து, டிரைவர்கள் கேட்கக் கேட்க அவர்கள் போனுக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் மேப் சர்வர் என்று பெயர்.

அதற்கான மென்பொருளை லினக்ஸ் மெஷினில் நிறுவ மூன்று வழிகள் இருந்தன. லினக்ஸோடு வரும் கிடங்கிலிருந்து தயார் பொட்டலமாக வாங்கிப் போடுவது ஒன்று. சர்வரையும் அதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களையும் ஒரே டப்பாவில் அடைத்து வைப்பது இரண்டாவது. இதைக் கண்டெய்னர் என்பார்கள். மூன்றாவது, மூல நிரலை எடுத்து நாமே மாவரைப்பது போல் அரைத்துக் கொள்வது. மூன்றாவதை முதல் நாளே தள்ளிவிட்டோம். பாய் பொட்டலக் கட்சி. நான் டப்பா கட்சி.

முதலாளி இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "ரெண்டு மெஷினு தரேன். ஆளுக்கு ஒண்ணு. ஆயுத பூஜையன்னிக்கு லாரிக்காரங்கள வரச் சொல்லிக்கீறேன். அன்னிக்கு எவனோடது நிக்குதோ, அதான் நம்ம சர்வரு. அவன்தான் மேப் டிபார்ட்மென்ட்டுக்கு ஹெட்டு."

மேப் டிபார்ட்மென்ட்டில் மொத்தமே பாயும் நானும்தான். ஆகவே ஒருவர் ஹெட், மிச்சமிருப்பவர் டிபார்ட்மென்ட்.

உள்ளதைச் சொல்வதானால் அந்த ஹெட் பதவிக்காக நான் உயிரையே விட்டேன். பாய்க்கு டீ, பாய்க்குப் போன், பாய்க்கு என் வீட்டுச் சாப்பாடு எல்லாம் போகட்டும். இந்த ஒன்றிலாவது நான் முன்னால் நிற்க வேண்டும் என்று இருந்தது. போதாக்குறைக்கு என் மனைவி அதைத் தன் அம்மாவிடம் சொல்லி, அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டார். தென்காசியில் நான் ஏற்கெனவே ஹெட் ஆகியிருந்தேன். அம்பத்தூரில் ஆக வேண்டியதுதான் பாக்கி.

"பாய் அண்ணனும் இதுக்குப் போட்டியாங்க?" என்று கேட்டாள் மனைவி.

"ஆமா."

"அய்யோ பாவம். அவருக்கே குடுத்துரலாமே?"

அன்று இரவு நான் மோர்க்குழம்பைத் தொடவே இல்லை.

மறுநாள் கண்டெய்னரின் மகிமையைப் படம் போட்டு விளக்கினேன். டப்பாவைத் தூக்கி எந்த மெஷினில் வைத்தாலும் ஓடும், உள்ளே இருப்பது வெளியே இருப்பதோடு சண்டை போடாது என்றெல்லாம் சொன்னேன். அம்புக்குறிகளைப் பல வண்ணங்களில் பறக்க விட்டேன். முதலாளி தலையாட்டிக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும் பாய் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எல்லாம் சூப்பரு மச்சான். கரண்ட் பூட்டு வந்தா உன் டப்பா இன்னா பண்ணும்?"

கரண்ட் வந்ததும் டப்பா தானாக எழ வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். நான் எழுதியிருக்கவில்லை. "அதெல்லாம் பாத்துக்கலாம் பாய்" என்றேன். முதலாளி சிரித்த சிரிப்பில் என் அம்புக்குறிகளெல்லாம் உதிர்ந்துவிட்டன. ஒற்றைக் கேள்வியில் ஒரு மனுஷன் இத்தனை வேலையைச் செய்துவிடுகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்த வரியை எழுதினேன்.

"கரண்ட் போனா யூ.பி.எஸ். இருக்கே சார்" என்று நான் அப்போதே சொல்லியிருக்கலாம். இருக்கத்தான் செய்தது. முதலாளி ஆசையாக வாங்கிய பெரிய யூ.பி.எஸ். ஒன்று பிரிக்காத அட்டைப் பெட்டியோடு மூலையில் உட்கார்ந்திருந்தது. அதை மாட்ட விடாதவர் பாய்தான். "யூ.பி.எஸ். வெச்ச மெஷினு செல்லம் குடுத்து வளத்த புள்ள சார். ஒரு நாளு அதுவும் புட்டுக்கும். அன்னிக்கு இது எயுந்துக்கத் தெரியாம முயிக்கும். மொதல்ல வியுந்து எயுந்துக்கக் கத்துக்கட்டும், அப்பறம் மாட்டலாம்" என்று முதலாளியையே மயக்கி வைத்திருந்தார். அந்தப் பெட்டியின் மேல் நாங்கள் டீ கிளாஸ் வைத்துக்கொண்டிருந்தோம். அதை மாட்ட வேண்டும் என்று நான் கேட்காத வாரமில்லை.

போட்டி தொடங்கியது. பாய் தன் மெஷினைக் காலையில் வந்ததும் பிடுங்குவார். டீக்கு முன் பிடுங்குவார், டீக்குப் பின் பிடுங்குவார். மத்தியானம் தொழுதுவிட்டு வந்ததும் ஒருமுறை. அது ஒவ்வொரு முறையும் அடக்கமாக எழுந்து மேப்பைக் காட்டும். பட்டறை ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்ப்பார்கள். எழுந்ததும் ஒரு கைதட்டல். என் மெஷின் எந்நேரமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதற்கு யார் கை தட்டினார்கள்? "தொடாதீர்கள்" என்று ஒரு காகிதம் எழுதி அதன் மேல் ஒட்டினேன். பாய் அதைப் படித்துவிட்டு, "உன் மெஷினு மாமே. நீ சொல்லாம நான் கை வெக்க மாட்டேன்" என்றார். சொன்னபடி ஒருநாளும் வைக்கவில்லை. அந்த நேர்மையும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

நானும் சோதித்தேன். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு சோதித்தேன். ஆனால் பிளக்கைப் பிடுங்க எனக்குத் தைரியம் வரவில்லை. முறைப்படி அணைத்துவிட்டு மறுபடி போடுவேன். டப்பா எழுந்துவிடும். யாரும் கை தட்டமாட்டார்கள்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பட்டறையின் வழக்கம் இது. லேத்திலிருந்து ஸ்பானர் வரை துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். முதலாளி மெயின் சுவிட்சை இறக்குவார். கட்டடமே கப்சிப்பென்று ஆகிவிடும். சூடம் காட்டிப் பூசணிக்காய் சுற்றி உடைத்த பிறகு மெயினை ஏற்றுவார். ஒவ்வொரு மெஷினும் ஒரு சுற்று ஓடி முதலாளிக்கு வணக்கம் சொல்ல வேண்டும். பொரி, கடலை, வெல்லம் வாங்கி வருவது வருஷா வருஷம் பாயின் பொறுப்பு. பூந்தமல்லியில் பொரி பார்த்து வாங்க அவரைப் போல் ஆள் இல்லை என்பது பட்டறையின் முடிவு. நானும் ஒரு வருஷம் வாங்கி வந்தேன். நமுத்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

ஏழுமலையும் மற்ற டிரைவர்களும் கையில் போனோடு வந்து நின்றார்கள். சர்வர்கள் இரண்டுக்கும் சந்தனம் வைத்தாயிற்று. முதலாளி மெயினை இறக்கினார். சூடம் எரிந்தது, பூசணி உடைந்தது. மெயின் ஏறியது. லேத் உறுமியது, விசிறிகள் சுற்றின. எல்லோரும் இரண்டு திரைகளையும் பார்த்தோம்.

என் திரையில் மேப் வந்தது. வெள்ளானூரின் புதுத் தெருக்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

பாயின் திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு வெள்ளை எழுத்தில் என்னவோ புலம்பியது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

டிஸ்க் போய்விட்டிருந்தது. மெஷின் அதில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டைப் பிடுங்கினால் எழுதியது பாதியில் சிதையும். ஒன்றிரண்டு முறை என்றால் லினக்ஸ் தானே ஒட்டுப்போட்டுக் கொள்ளும். பாய் பிடுங்கிய பிடுங்கலுக்கு எதுதான் தாங்கும்? எழுந்து நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்தே அதைப் படுக்க வைத்துவிட்டார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்திருந்தது. நான் காத்திருந்த நிமிஷம் அது. பாயின் முகம் வாடுவதைப் பார்க்கத் திரும்பினேன்.

பாய் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"நானே அட்ச்சிக் கொன்னுட்டேன் சார்! ஐயோ, பாவம்யா அது!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பட்டறையே அவரைச் சுற்றிக்கொண்டு சிரித்தது. ஒருவர் அவர் தோளைத் தட்டினார். இன்னொருவர் அவர் கையில் பொரியைத் திணித்தார். "விடு பாய், கண்ணு பட்டுக்கீது" என்றார் ஏழுமலை. ஓடுகிற மேப்போடு நான் தனியாக நின்றேன். தோற்பதில்கூட அந்த மனுஷனை மிஞ்ச முடியவில்லையே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். பாய் என்னைப் பார்த்து ஒரே ஒரு முறை பொறாமைப்பட வேண்டும். அவருக்கு அது வரவே இல்லை.

பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். என் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆசைப்பட்ட பண்டத்தைக் கேட்கத் தயங்குகிறவரைப் போல நின்றார்.

"ஹெட்டு, இப்பயாவது ஒரே ஒரு தபா புடுங்கிப் பாக்கட்டா?"

நான் காகிதத்தைக் கிழித்தேன்.

"பிஸ்மில்லா" என்று பிடுங்கினார். கையைக் கட்டிக்கொண்டார். நானும் என்னை அறியாமல் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். சொருகினார். மேப் வந்தது.

"எயுந்துச்சு பாரு! சிங்கம் மச்சான் இது!" என்று என் முதுகில் ஒன்று வைத்தார். முதலாளி என்னை ஹெட் என்று அறிவித்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. அந்த ஒரு வரியை நான் எழுதியதே அவர் கேள்வியால்தான் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரியும். அது இன்றும் கொஞ்சம் உறுத்துகிறது.

பாய் கொஞ்ச காலம் என் டிபார்ட்மென்ட்டாக இருந்தார். அதன்பின் வேப்பம்பட்டில் வீடு கட்டிக்கொண்டு போனார். பாடியில் ஒரு தொழிற்சாலையில் வேலையும் கிடைத்துவிட்டது. "அங்க மெஷினு இந்த ரூமு சைசு மச்சான். பிளக்கு என் தல சைசு" என்று கண்கள் பளபளக்கச் சொன்னார். கடைசி நாளில் பட்டறையில் லேத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். ஏழுமலை தண்ணி லாரியைக் கொண்டுவந்து, முன்சீட்டில் உட்கார வைத்து, ரயில்வே ஸ்டேஷன் வரை அவரைக் கொண்டுபோய் விட்டார். எனக்கெல்லாம் யார் லாரி எடுப்பார்கள்? இப்போது பாடியில் அவரோடு வேலை செய்கிறவர்களை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை. அவர்களுக்கு அருமை தெரியுமா என்று சந்தேகமாக இருக்கிறது.

எங்கள் மேப் பாயின் போனில் இன்னும் இருக்கிறது. தண்ணி லாரிக்கும் அவருக்கும் இனி சம்பந்தமில்லை. இருந்தாலும் சாயங்காலம் ரயிலில் உட்கார்ந்தால் அதைத்தான் திறந்து வைத்துக்கொள்வாராம். எஸ்டேட்டில் கரண்ட் போனால் மேப் அணையும். பாய் பார்த்துக்கொண்டே இருப்பார். கரண்ட் வந்து மேப் எழுந்த மறு நிமிஷம் என் போன் அடிக்கும்.

"மச்சான், வியுந்துச்சா?"

"விழுந்தது பாய்."

"எயுந்துச்சுல்ல?"

"எழுந்துருச்சு பாய்."

"அவ்ளோதான். தங்கச்சி எப்பிடி கீது? ஃபிரிட்ஜு சவுண்டு குடுக்குதா?"

அப்புறம் ஊர்க்கதை முழுக்கப் பேசிவிட்டுத்தான் வைப்பார்.

முதலாளி நேற்றும் கேட்டார். "இன்னாப்பா ஹெட்டு, பாய் கீற வரைக்கும் யூ.பி.எஸ்., யூ.பி.எஸ்.னு என் உயிர எடுத்த. இப்ப நீதான் ஹெட்டு. எப்பதான் அத்த மாட்டப் போற?"

"அடுத்த வாரம் சார்" என்றேன். எத்தனையாவது அடுத்த வாரம் என்று அவரும் கணக்கு வைத்துக்கொள்வதை விட்டுவிட்டார். மூலையில் அந்தப் பெட்டி அப்படியே இருக்கிறது. மேலே என் டீ கிளாஸ். மாட்டிவிட்டால் மேப் அணையவே அணையாது. அணையாவிட்டால் பாய் எதற்கு எனக்குப் போன் செய்யப் போகிறார்?